சொல்லாமல் விட்ட காய்ந்த குடுவை

குடுவைச் செடிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தரும்படி தேவகி கேட்டார். என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"உங்களுக்கு எது தோணுதோ அத எழுதுங்க. ஆனா ஷோவுல நடந்தத விட்டுராதீங்க," என்றார்.

மண்ணுக்குப் பதிலாக எந்தப் பாசியில் நடுவது, எத்தனை மணி வெயில் வேண்டும், இலையைப் பார்த்து வகையைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதையெல்லாம் நீங்கள் அவரிடமே கற்றுக்கொள்வீர்கள். என்னைவிட அவர் நன்றாகவே சொல்லித் தருவார். இந்த வரியை மனசு ஒப்பி எழுத எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

புனேயில் நிக்டியைத் தாண்டி இருக்கும் உங்கள் நர்சரியில் நான் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் குடுவைச் செடிகளின் பாலிஹவுஸ், அந்த பாலிதீன் கூரைக் கொட்டகை, என் பொறுப்பில் இருந்தது. புனேயில் யாராவது பால்கனியில் நெப்பந்தஸ் என்ற இந்தக் குடுவைச் செடியை வாங்கி வைத்து, அது என்ன வகை என்று தெரியாமல் விழித்தால், "அந்தத் தமிழ் மேடத்துக்கு போட்டோ அனுப்பு" என்பார்கள். அனுப்புவார்கள். நான் பதில் போடுவேன். என் பதில்தான் அந்தச் செடியின் லேபிளாக இருக்கும். இதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அப்போது அதைக் கர்வம் என்று நினைக்கவில்லை. பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு குறை இருந்தது. இந்தச் செடியை ஜனங்கள் வாங்குவதே குடுவைக்காகத்தான். இலையின் நுனி கம்பியாக நீண்டு, அதன் முனை உப்பிக் குடுவையாகி, மூடி திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரில் எறும்பு விழுவதைப் பார்க்கத்தான். என் பாலிஹவுஸில் மழைக்காலத்தில் குடுவைகள் வரும். பிப்ரவரி முடிந்ததும் ஒவ்வொன்றாகக் காயும். மார்ச்சிலிருந்து ஜூன் வரை இலை மட்டும்தான். கம்பி நுனிகள் கருகிப்போய் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தேன்: புனே வெயில், காற்றில் ஈரமில்லை, மழை வரும்வரை பொறுங்கள். முதலாளியிடமும் அதையே சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

ஒரு மே மாதம் முற்பகல், ஒரு பெண்மணி டிபன் டப்பாவோடு பாலிஹவுஸ் வாசலில் வந்து நின்றார். நூல் புடவை, மடக்குக் குடை, என்னைவிட மூன்று நாலு வயது குறைவாக இருக்கும். அவர்தான் தேவகி.

"மேடம் தமிழ்தானே? வாட்ச்மேன் சொன்னாரு. நான் தேஹு ரோட்டுல இருந்து வாறேன். டிப்போ குவார்ட்டர்ஸ்."

"சொல்லுங்க."

"ஒரு செடி வச்சிருக்கேன். நாலு வருசமா வளக்கேன், பேரு தெரியல. பேரு தெரியாம வளக்கது ஒரு மாதிரியா இருக்கு. அதுக்காக்கும் வந்தேன்."

டப்பாவைத் திறந்து ஈரத்துணியை விரித்தார். உள்ளே ஒரு குடுவை. என் உள்ளங்கையை நிறைக்கும் அளவு. வயிறு பருத்து, பச்சையின் மேல் ஊதாப் புள்ளிகள் தெறித்திருந்தன. முன்பக்கம் இரண்டு இறக்கைகள், ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி இழைகள். வாயின் விளிம்பு மூடிக்குக் கீழே கழுத்துபோல் நிமிர்ந்து, அதில் முள்வரிசை. அந்தக் கழுத்து ஒன்றே போதும், வகையைச் சொல்லிவிடலாம். ராஃப்லீசியானா.

என் ராஃப்லீசியானாக்கள் மூன்றும் எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் கருகிய நுனிகளோடு நின்றுகொண்டிருந்தன.

"இது எங்க கிடைச்சுது?" என்றேன்.

"வீட்டுல உள்ளதுதான். பூனை தட்டிவிட்டுட்டு. சும்மா போடுகதுக்கு மனசு வரல, அதான் கொண்டுவந்தேன்."

"மே மாசத்துலயா?"

"ஏன், மே மாசத்துல வரப்பிடாதா?"

அவர் உண்மையாகவே கேட்டார். வரக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கேரளாவில் ஒரு நர்சரியில் விரல் அளவுச் செடியாக வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். பேரைச் சொன்னேன். தமிழில் எழுதித் தரச் சொன்னார், தந்தேன். அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என் செடிகளைப் பார்த்தார். வரிசை வரிசையாக வெறும் இலைகள். ஒன்றும் சொல்லாமல், "வாறேன் மேடம்" என்று கிளம்பினார்.

ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் போனது அன்று முழுக்க உறுத்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான தேஹு ரோட்டுக்குப் போனேன். அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்ததாகச் சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. அவர் வீட்டுக்காரர் அங்கே ராணுவ டிப்போவில் ஸ்டோர் கிளார்க். அதிகம் பேசாதவர், டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். தேவகி என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார்.

குளியலறைச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டும். தரையில் செங்கல் பரப்பி, அது எப்போதும் நனைந்திருந்தது. காலை வெயில் மட்டும் விழும். பத்து மணிக்குச் சுவர் மறைத்துவிடும். அங்கே ஒரு மூங்கில் கழியில் அந்தச் செடி கொடியாக ஏறிக்கொண்டிருந்தது. எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். மே மாதத்தில் அத்தனை குடுவைகளை நான் பார்த்ததில்லை.

"என்ன தண்ணி விடுறீங்க?"

மூலையில் மூன்று நீல டிரம்கள். வாயில் வேட்டித்துணி கட்டியிருந்தது. "மழத்தண்ணி. கூரைத் தகரத்துல இருந்து பிடிச்சு வச்சிருவேன். குழாத்தண்ணி விட்டா இலை நுனி கருகுது. ரெண்டாவது வருசமே தெரிஞ்சு போச்சு."

என் பையில் தண்ணீரின் உப்பைக் காட்டும் மீட்டர் இருந்தது. நர்சரிக்காரி பையில் அது எப்போதும் இருக்கும். டிரம்மில் நனைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். எங்கள் போர்வெல் தண்ணீரின் கணக்கு எனக்கு மனப்பாடம். இருபது வருஷமாக அந்த உப்புத்தண்ணீரைத்தான் நான் புகைபோல் தூவிக்கொண்டிருந்தேன். பாசியின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தினமும் பார்த்தேன். வெயிலைக் குற்றம் சொன்னேன்.

"வேற என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. இவ்வளவுதான்."

மறைக்கிறார் என்று நினைத்தேன். மறைத்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பிறகு நாலைந்து முறை போனேன், வெவ்வேறு சாக்குகளோடு. ஒவ்வொரு முறையும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், கேட்காததையும் சொன்னார். டிசம்பர் குளிரில் தொட்டியை அடுப்படிக்குள் எடுத்து வைப்பது, மூங்கில் கழியில் ஈரச்சாக்கு சுற்றி வைப்பது எல்லாம். அவரிடம் ரகசியம் எதுவும் இல்லை. அவருக்குக் கண் இருந்தது, அவ்வளவுதான். பார்த்ததைப் பார்த்தபடி எடுத்துக்கொள்ளும் கண். எனக்கு அந்தக் கண் இருப்பதாகத்தான் புனே முழுக்கச் சொன்னார்கள்.

இப்போது நீங்கள் கேட்கலாம், காரணம் தெரிந்துவிட்டதே, தண்ணீரை மாற்றினேனா என்று. மாற்றவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று முதலாளி கேட்பார். தேஹு ரோட்டில் ஒரு குளியலறைச் சந்தில் தெரிந்துகொண்டேன் என்று சொல்லவேண்டும். அதைவிடச் செடிகள் கருகட்டும் என்று விட்டேன். வாய்விட்டு அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. பெரிய இடத்துக்கு அது ஒத்துவராது, மழைத்தண்ணீர் எத்தனை நாள் காணும், என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் செய்தது அதுதான். எனக்குச் சம்பளம் கொடுத்த செடிகளையே ஒரு கோடை முழுக்கத் தெரிந்தே காயவிட்டேன்.

தேவகியைப் பார்த்ததற்கு அடுத்த வருஷம், மழைக்காலம் முடியும் நேரத்தில் ஷோ வந்தது.

வீட்டுத் தோட்டக்காரர்களின் சங்கம் ஒன்று புனே வானவடியில் ஒரு ஹாலில் ஆண்டுதோறும் அதை நடத்தும். பூச்சி பிடிக்கும் செடிகளுக்கு ஒரு தனி மேஜை. அதில் லேபிள்கள் சரியா என்று பார்த்துச் சொல்லும் வேலை பல வருஷமாக எனக்கு. பரிசு கொடுக்கும் நடுவர் வேறு ஆள், வெளியிலிருந்து வருவார். எங்கள் நர்சரிச் செடியும் அந்த மேஜையில் இருக்கும். மழைக்காலம் என்பதால் அப்போது குடுவைகளோடுதான் இருக்கும். முதல் பரிசும் வழக்கமாக எங்களுக்குத்தான் வரும்.

தேவகி அந்த வருஷம் தன் செடியைக் கொண்டுவந்தார். தேஹு ரோட்டிலிருந்து லோக்கல் ரயிலில் புனே ஸ்டேஷன், அங்கிருந்து ரிக்ஷா. கொடி அவர் தோள் உயரம். வீட்டுக்காரர் ரயிலில் வழி முழுக்க நின்றுகொண்டே அதைப் பிடித்து வந்திருக்கிறார். மேஜையில் வைத்ததும் ஹாலில் இருந்த கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. நான் எழுதிக் கொடுத்த பேரைத்தான் லேபிளில் எழுதியிருந்தார்.

ஒரு தகராறு வந்தது. ஒரு தொட்டியில் ஒரு செடிதான் இருக்கவேண்டும் என்பது விதி. தேவகியின் தொட்டியில் அடியில் ஒரு சின்னச் செடி போல ஒரு கொத்து இருந்தது. அதில் பருத்த வயிறும் இறக்கையும் உள்ள குடுவைகள். நடுவில் ஏறிய கொடியில், உச்சியில், நீளமான புனல் மாதிரி வெளிர்பச்சைக் குடுவைகள். இறக்கையே இல்லை. பார்த்தவர் யாரும் இரண்டும் ஒரு செடி என்று சொல்லமாட்டார்கள். கூட்டத்தில் ஒருவர், கொஞ்சம் உரக்கவே, இரண்டு செடியைச் சேர்த்து நட்டு ஏமாற்றியிருக்கிறார்கள் என்றார். சங்கத்துச் செக்ரெட்டரி நல்ல மனுஷர், ஓய்வுபெற்ற மராட்டிக்காரர். என்னிடம் வந்து ஹிந்தியில் கேட்டார்: "மேடம், நீங்களே சொல்லுங்கள். இது ஒன்றா, இரண்டா?"

உங்களுக்கு இப்போது இது பாடத்தில் முதல் வாரமே வந்துவிடும். நெப்பந்தஸ் தரையோடு இருக்கும்போது ஒரு வகைக் குடுவை விடும், கொடியாக ஏறிய பிறகு வேறு வகைக் குடுவை விடும். ஏறிய கொடியின் அடியிலிருந்து புதுத் துளிர் வந்தால் அது மறுபடி தரைக் குடுவையே விடும். ஒரே செடி, ஒரே சமயத்தில் இரண்டு முகம். எனக்கு இது தெரியும். அதோடு, குனிந்து பார்த்தபோது ஒன்றைக் கண்டேன். ஏறிய கொடியிலேயே, கீழே மூன்றாவது இலையில், ஒரு பழைய குடுவை காய்ந்து பழுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பருத்த வயிறு. இரண்டு இறக்கைகள், இழைகள் உட்பட. அந்தக் கொடி இளசாக இருந்தபோது விட்ட குடுவை. அதைத் தூக்கிக் காட்டி, "இதோ பாருங்கள், இந்தக் கொடியும் முன்பு இதே குடுவையைத்தான் விட்டிருக்கிறது" என்று சொன்னால் போதும். அரை நிமிஷ வேலை.

விரலால் அந்த இலையை ஒதுக்கினேன். பார்த்தேன். இலையை விட்டுவிட்டேன்.

"வேர்ப்பக்கம் பாசி மூடியிருக்கிறது. பார்க்காமல் உறுதியாகச் சொல்லமுடியாது," என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று யாராலும் காட்டமுடியாது. ஜாக்கிரதையாகப் பேசும் அனுபவசாலியின் வார்த்தை மாதிரியே இருக்கும். நம் தொழிலில் மோசமான பொய்கள் இப்படித்தான் வரும் என்று உங்களுக்குச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியும் என்பது பிடிபட்டுவிடும். தெரிந்ததைத் தெரியாது என்பது பிடிபடாது, மரியாதையும் கிடைக்கும்.

நடுவரும் செக்ரெட்டரியும் பேசிக்கொண்டார்கள். தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

"வேண்டாம் சார்," என்றார் தேவகி, தடுமாறும் ஹிந்தியில். "வேர் ஒடிந்துவிடும். இது தாங்காது." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "மேடம், நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்லா?"

அதுதான் எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பார்த்துட்டா உங்களுக்கும் நிம்மதி, தேவகி. மெதுவா எடுக்கச் சொல்றேன்."

மெதுவாகத்தான் எடுத்தார்கள். நெப்பந்தஸ் வேரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கறுப்பாக, தலைமயிர் மாதிரி, தொட்டால் முறியும். தொட்டியைச் சாய்த்ததும் பாசி உருண்டையாக வராமல் பிளந்துகொண்டு விழுந்தது. வேர்கள் முறிந்த சத்தம் கேட்டிருக்க முடியாது. எனக்குக் கேட்டதாகத்தான் இப்போதும் ஞாபகம். அடிக்கொத்து கொடியின் தண்டிலிருந்தே முளைத்திருந்தது எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது. ஒரே செடி.

செக்ரெட்டரி மன்னிப்புக் கேட்டார். நடுவர் முதல் பரிசுக் கோப்பையைத் தேவகிக்கே கொடுத்தார். ஹாலில் கைதட்டினார்கள்.

இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தச் செடியின் வேர் என் கண்முன்னால் கிழிந்து கிடந்தபோது, என் நெஞ்சில் முதலில் வந்தது பச்சாதாபம் இல்லை. பரிசு அவருக்குப் போய்விட்டதே என்ற எரிச்சல்தான். அது போன பிறகுதான் மற்றது வந்தது.

தேவகி கோப்பையைத் தொடவில்லை. புடவைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து வேரைச் சுற்றினார். வீட்டுக்காரர் கொடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் படி இறங்கிப் போனார்கள். கோப்பை மேஜையிலேயே இருந்தது. தேவகி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நல்ல இழைப் பாசி ஒரு பை எடுத்துக்கொண்டு தேஹு ரோட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, பின்பக்கம் கையைக் காட்டினார். தேவகி சந்தில் ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேல்கொடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் பாசியில் குத்தி, மேலே பாலிதீன் கவிழ்த்திருந்தார். அடிக்கொத்து மட்டும் பழைய தொட்டியில் இருந்தது. அதன் குடுவைகள் அதற்குள் தொய்ந்துவிட்டிருந்தன.

"தேவகி, அந்தக் கொடியில ஒரு காஞ்ச குடுவை இருந்துச்சு. கீழ, மூணாவது இலையில. நான் அதைப் பார்த்தேன்."

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்க பாத்தத நானும் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"இலையத் தூக்கினீங்க. உங்க கண்ணு அங்க நின்னுது. பொறவு இலைய விட்டுட்டீங்க. அப்பவே நினைச்சேன், மேடம் இப்ப சொல்லுவாங்கன்னு. அதான் நான் வாய தொறக்கல. சொல்லலன்ன பொறவுதான் கேட்டேன்."

பாசிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"எதுக்கு சொல்லல?" என்றார்.

வரும் வழியெல்லாம் பல பதில்கள் யோசித்து வைத்திருந்தேன். ஷோ பரபரப்பு, விதிமுறை, நான் போட்டியாளர் தரப்பு என்பதால் பேசத் தயங்கினேன், இப்படி. "பொறாமை," என்றேன். "அந்த டப்பாவ நீங்க திறந்த நாள்லேர்ந்து."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் ஒரு நினைப்பு இருந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்தார். "என்கிட்ட என்ன இருக்குன்னு பொறாமை? உங்ககிட்ட எவ்வளவு பெரிய எடம் இருக்கு," என்றார். அது பதிலை எதிர்பார்த்த கேள்வி இல்லை. பிறகு, "பாசிய அங்ஙன வச்சிட்டுப் போங்க," என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

அந்த மாதமே சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து, அது ஒரே செடி என்று எனக்கு அங்கேயே தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை, இனி நான் லேபிள் பார்க்கமாட்டேன் என்று சொன்னேன். செக்ரெட்டரி சங்கடப்பட்டார். "பரிசு அவங்களுக்கே போயாச்சே மேடம், விடுங்க," என்றார். வேறு ஒருவர் பேச்சை மாற்றிச் சமோசாவைப் பற்றிக் கேட்டார். தப்பை ஒத்துக்கொள்வதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய காரியம் செய்த திருப்தி எதுவும் கிடைக்காது.

நர்சரியில் சொன்னது இன்னும் கஷ்டம். முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இருபது வருஷமா வெயில் வெயில்னு சொன்னீங்களே?" என்றார்.

"தப்பா சொன்னேன் சார். தண்ணிதான். மழைத்தண்ணித் தொட்டி கட்டணும்."

"இது யார் கண்டுபிடிச்சது?"

"தேஹு ரோட்டுல தேவகின்னு ஒருத்தர்."

தொட்டி கட்டினோம். நீங்கள் இப்போது தண்ணீர் எடுக்கும் அந்தத் தொட்டிதான்.

தேவகி வெட்டி வைத்த துண்டுகளில் பல வேர்விட்டன. அதை அவர் சொல்லி எனக்குத் தெரியவில்லை. சங்கத்தில் எனக்குத் தெரிந்த நாலைந்து பேர் வீட்டுக்குப் போனபோது அவர்கள் பால்கனியில் பார்த்தேன். "தேவகி கொடுத்தாங்க," என்பார்கள். ஒருவர் என்ன வகை என்று என்னிடமே கேட்டார். எனக்கு மட்டும் அவர் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு பால்கனியிலும் அதைப் பார்க்கும்போது எனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று ஆசை வரும். கிடைக்காதது நியாயமான தண்டனை என்று புரிந்தது. புரிந்ததால் ஆசை குறையவில்லை.

எனக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருக்கும்போது முதலாளி கூப்பிட்டார். அந்த தேஹு ரோடு அம்மாவை வேலைக்கு எடுக்கலாமா, படிப்பு பெரிதாக இல்லையே, உங்கள் அபிப்பிராயம் என்ன, என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. யோசிக்க அதில் எதுவும் இல்லை. அதனால் அங்கேயே சொன்னேன்: "எடுங்க சார். என்னைவிட நல்லா வளர்ப்பாங்க." வெளியே வந்து கொய்யாச் செடிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷத்தில் நின்றேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் நாள் வந்ததும் தேவகி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஒண்ணா வேலை பாக்க முடியுமா உங்களால?"

"தெரியல. பார்க்கலாம்," என்றேன்.

"சரி. தெரியலன்னு சொன்னீங்கல்லா, அது போதும்."

ஒன்றரை வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். தோழிகள் ஆனோம் என்று சொன்னால் இரண்டு பேருமே ஒத்துக்கொள்ளமாட்டோம். காலையில் ஒன்றாகத் தண்ணீர் விடுவோம். வகையில் சந்தேகம் வந்தால் அவர் என்னைக் கூப்பிடுவார், செடி வாடினால் நான் அவரைக் கூப்பிடுவேன். சில நாள் அவர் சரியாகச் சொன்ன பிறகு, அது தப்பாக இருக்கக்கூடாதா என்று என் மனசு தேடும். தேடுகிறது என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாளில் நான் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் பட்டதை மட்டும் சொல்லப் பழகினேன். இலை இப்படி இருக்கிறது, தண்டு இப்படி இருக்கிறது, இங்கே ஒரு காய்ந்த குடுவை இருக்கிறது. நினைப்பதைச் சொல்வதற்கு முன்னால் பார்த்ததைச் சொல்லிவிடுங்கள். பார்த்ததைச் சொன்ன பிறகு, மனசில் என்ன இருந்தாலும் செடிக்குக் கெடுதல் வராது. இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் உங்களுக்குக் கொடுக்கும்படியாக இருப்பது இது ஒன்றுதான்.

போன மே மாதம் உங்கள் பாலிஹவுஸுக்கு வந்திருந்தேன். சிலருக்கு ஞாபகம் இருக்கும். வாசலில் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. வெளியே புழுதி பறக்கும் வெயில். உள்ளே கயிறு கட்டிய வரிசைகளில், தரையில், தூணில், எங்கே திரும்பினாலும் குடுவைகள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த இடம் என் கையில் இருந்தது. ஒரு மே மாதம்கூட அது அப்படி இருந்ததில்லை.

உங்களில் ஒருவர், கண்ணாடி போட்ட பெண், "மேடம், உங்க டைம்ல மே மாசத்துல எப்படி இருக்கும்?" என்று கேட்டார். மரியாதைக்காகக் கேட்ட கேள்வி. 'இதே மாதிரிதான்' என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தேவகி தண்ணீர்க் குழாயோடு கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தொட்டி கட்டுறவரைக்கும் ஒரு குடுவைகூட இருக்காதும்மா," என்றேன். "தண்ணி தப்பா விட்டுட்டிருந்தேன். அவங்களாலதான் சரியாச்சு."

தேவகி கட்டைவிரலை எடுத்தார். தண்ணீர் போக ஆரம்பித்தது. எனக்கு உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த வரிசைக்கு வெயில் அதிகமாகப் படுகிறது, நிழல்வலையை இழுத்துவிடவேண்டும் என்று கண்ணில் பட்டது. அவரிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்து, "ஆமா," என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்துக் கட்டினோம்.